கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

தாண்டிக்குடி

அன்பு மகள் கலாவுக்கு, அம்மா எழுதுவது.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, தோட்டத்தை அண்ணனே வச்சுக்கட்டும், எங்கே கையெழுத்துப் போடணுமோ போட்டு அனுப்புறேன்" என்று போனில் சொன்னாயே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. நீ பாசத்தில் சொன்னாய், தெரியும். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

1994ல் நானும் இதையேதான் சொன்னேன். என் அப்பா, உன் பண்ணைக்காட்டுத் தாத்தா, காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் தன் உழைப்பில் வாங்கிய இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டமும் வீடும் இருந்தன. மாமாக்கள் கூப்பிட்டார்கள், போனேன். பத்திர ஆபீசில் பெருவிரலில் மை தடவி, காட்டிய இடத்தில் எல்லாம் அழுத்தச் சொன்னார்கள். விடுதலைப் பத்திரம் என்று தலைப்பில் போட்டிருந்தது, அதாவது என் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம். யாரும் ஒரு வரி வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டும் நகக்கண்ணில் இருந்த மை போகவில்லை. மறுநாள் உனக்குச் சோறு ஊட்டும்போதும் அது தெரிந்தது. ஒரு பட்டுப்புடவையும் பத்தாயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். அப்புறம் உன் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமன் சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதனாலேயே அதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பெண்ணுக்குச் சொத்தில் பங்கு 2005ல்தான் வந்தது என்று நம் ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உன் அப்பா போன பிறகு வத்தலக்குண்டில் வக்கீலம்மாவைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், மகனுக்கு எவ்வளவோ அவ்வளவே மகளுக்கும். இது 1956ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடு என்று மட்டும் மகள் கேட்க முடியாதபடி 23ஆம் பிரிவு தடுத்து வைத்திருந்தது, அதை 2005ல் எடுத்துவிட்டார்கள். 2005ல் மாறிய பெரிய விஷயம் பூர்வீகச் சொத்து. அதில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை. தமிழ்நாட்டில் 1989லேயே ஒரு திருத்தம் வந்தது, ஆனால் அன்றைக்குக் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும். 2005 திருத்தம் அமலுக்கு வந்த செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பமும், வேண்டியதில்லை என்று 2020ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பில் தீர்ந்தது.

ஆக, நான் விரலை அழுத்திய அன்றைக்கே தோட்டத்தில் எனக்குச் சமபங்கு இருந்திருக்கிறது கண்ணு. இருப்பது தெரியாமலே விட்டுக்கொடுத்தேன். தெரிந்து கொடுத்திருந்தால் மனசு நிறைந்திருக்கும். பதிந்த பத்திரம், இத்தனை வருஷம் ஓடிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

சரி, நம் கதைக்கு வருகிறேன். இந்த மூன்று ஏக்கரும் அப்பா தன் பேரில் வாங்கியது, உயில் இல்லை. அதனால் நான்கு சமபங்கு: அப்பத்தா, நான், அண்ணன், நீ. இறந்தவரின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அப்பத்தாவுக்கு 84 வயது. பிரிக்காமலே நாள் தள்ளி, நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால், அந்தக் கால் பங்கில் உங்கள் இரண்டு அத்தைகளும் வாரிசாக வருவார்கள். அவர்களுக்கு அப்புறம் அவர்கள் பிள்ளைகள். கூட்டுப்பட்டாவில் பேர் கூடிக்கொண்டே போகும்.

நம் ஓடைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அண்ணன் தம்பி வழக்கில் கிடக்கிறது. முதல்நிலைத் தீர்ப்பு யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும்தான் சொல்லும். அப்புறம் கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து அளக்க வேண்டும், அதற்கு ஆட்சேபணை, அதற்கப்புறம்தான் இறுதித் தீர்ப்பு. பிரிக்கத் தோதில்லாத சொத்து என்றால் விற்றுப் பணமாகப் பிரிக்கச் சொல்லவும் 1893ஆம் வருஷச் சட்டத்தில் வழி இருக்கிறது. இந்தத் தை மாதம் அங்கே பழம் பறிக்க ஆளில்லை. செடியிலேயே கறுத்து உதிர்ந்து, காட்டுமாடு மிதித்துக் கிடந்தது. பார்க்க வயிறு எரிந்தது.

நாமாக உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக்கொண்டால் அந்த அலைச்சல் இல்லை. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைக் கட்டணமும் குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. ஆனால் மூன்று ஏக்கரை நான்காக வகுத்து முக்கால் ஏக்கர் என்றால் அது சமம் ஆகாது. ரோட்டுப் பக்கம் களமும், காப்பிப் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் கொட்டகையும் இருக்கின்றன. கீழ்ச்சரிவில் மிளகு நன்றாக இருக்கிறது, ஆனால் மூட்டையைத் தலையில்தான் ஏற்ற வேண்டும். ஊற்று ஒன்றுதான், அதுவும் பலா மரத்தடியில் அண்ணன் கேட்கும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஊற்றுத் தண்ணீரில் நான்கு பேருக்கும் உரிமை, ஜீப் தடம் பொது, களம் பொது என்று நான்கு எல்லையோடு பத்திரத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். வாய்ப்பேச்சு உங்கள் காலத்தோடு முடிந்துவிடும்.

அண்ணனை நான் குறை சொல்லவில்லை. அப்பா படுத்த மூன்று வருஷமும் கவாத்து, உரம், கூலி எல்லாம் அவன்தான் பார்த்தான். களம் இருக்கும் பக்கம் அவனுக்கு வருவதுதான் நியாயம் என்பது என் எண்ணம். அவனிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாப்பா வரட்டும்மா, அவளை வச்சே அளப்போம்" என்றான்.

அதனால் சிங்கப்பூரில் இருந்து எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பாதே. தூதரகத்துக்குப் போய்ப் பவர் எழுதவும் வேண்டாம். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் வா. பத்திரம் பதிந்து, சர்வேயர் உட்பிரிவு செய்து, உன் பேரில் தனிப்பட்டா வரட்டும். அதற்கப்புறம் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் முழுசாகக் கொடு, நானே கூட வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆதார் அசலை மறக்காமல் எடுத்து வா. போன வாரம் பூ மழை பெய்து தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, வாசம் வருதா, வாசம் வருதா என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா