300 லிட்டர் டீசலில் 9 ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்திய அரசு வாங்கும் வரியை மாநிலங்களோடு பகிர்ந்துகொள்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தப் பங்கைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கு ஒதுக்கியது 41 விழுக்காடு, அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு என்று எழுதியிருந்தார்கள். சரியான எண்கள்தான். ஆனால் முப்பது ஆண்டுகளாக லாரி ஓட்டிப் பிழைக்கும் எனக்கு விழுக்காட்டுக் கணக்கு மண்டையில் ஏறுவதில்லை. லிட்டரில் சொன்னால் ஏறும். ஆகவே என் வண்டியின் டீசல் டேங்கை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

டேங்க் 300 லிட்டர் பிடிக்கும். 2025 ஏப்ரலில் கலால் வரி 2 ரூபாய் உயர்ந்த பிறகு இருந்த நிலவரப்படி, ஒரு லிட்டர் டீசலுக்கு மத்திய அரசு எடுத்துக்கொண்டது 17 ரூபாய் 80 காசு. டேங்கை நிரப்பினால் 5,340 ரூபாய். இதில் 41 விழுக்காடு மாநிலங்களுக்குப் போகும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். போகாது. 17.80 என்பது ஒரு வரி அல்ல, நான்கு. அடிப்படைக் கலால் வரி 1.80, சிறப்புக் கூடுதல் கலால் வரி 10, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 4, சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 2. செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று வாங்கும் வரி. மாநிலங்களோடு பங்கு போட வேண்டியது முதலில் இருக்கும் 1.80 மட்டுமே.

மீண்டும் டேங்குக்கு வருகிறேன். 5,340 ரூபாயில் பங்குக்கு வருவது 540. அதில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 221 ரூபாய் சொச்சம். தமிழ்நாட்டுக்கு 9 ரூபாய். லிட்டருக்கு 3 காசு. தொப்பூரில் வண்டியை ஓரம் கட்டினால் டிரைவர் ஒரு டீ குடிக்கக்கூட அது போதாது.

பகிர்வு இப்படி வண்டி வண்டியாக நடப்பதில்லை, பஞ்சாபில் விற்கும் டீசலிலும் நமக்குப் பங்கு உண்டு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்டு. அதுவும் லிட்டருக்கு இதே 3 காசுதான்.

அரசியல் சட்டத்தின் 270ஆவது பிரிவு செஸ்ஸையும், வரிக்கு மேல் கூடுதலாக வாங்கும் சர்சார்ஜையும் (டீசலின் சிறப்புக் கூடுதல் கலால் வரி இந்த வகை) பகிர்வுக் கணக்குக்கு வெளியே வைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 80ஆவது திருத்தம் மற்ற மத்திய வரிகள் எல்லாவற்றையும் பகிர்வுக்குள் கொண்டுவந்தபோது, இந்த இரண்டையும் வெளியே விட்டது. அன்று அது சின்ன சந்து. அதில் எவ்வளவு பெரிய வண்டி போக முடியும் என்பது 2021 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் தெரிந்தது. டீசலுக்கு 4.83 ரூபாயாக இருந்த அடிப்படைக் கலால் வரியை 1.80 ஆக்கினார்கள். சிறப்புக் கூடுதல் வரியையும் ஒரு ரூபாய் குறைத்தார்கள். குறைத்த அளவுக்கு ஈடாக 4 ரூபாய் வேளாண் செஸ் வந்து உட்கார்ந்தது. அதனால் பெட்ரோல் பங்க்கில் விலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரிக்குப் பெயர் மாறியது. அந்த மாற்றத்தில் லிட்டருக்கு 3 ரூபாய் 3 காசு பகிர்வுக் கணக்கிலிருந்து வெளியே போனது. பங்க்கில் நின்றுகொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. விலை ஏறியிருந்தால் சாலை மறியலாவது செய்திருப்போம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் டீசலுக்கு 10 ரூபாயும் 2022 மே மாதம் 6 ரூபாயும் மத்திய அரசு குறைத்தது சாலை செஸ்ஸிலிருந்துதான். அதனால் மாநிலங்களின் பங்கு குறையவில்லை. சாலை செஸ்ஸில் ஒரு பகுதி மாநிலச் சாலைகளுக்கும் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் சாலைக்கென்று டீசலிலேயே வாங்கிக்கொண்ட பிறகு, தொப்பூர், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக்கில் மறுபடியும் எதற்கு வாங்குகிறார்கள் என்று என் டிரைவர் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் மாநில அரசுக்குத் தாளம் போடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2020 மே மாதம் முதல் டீசலுக்கு வாட் என்னும் மாநில விற்பனை வரி 11 விழுக்காடு, அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு நிலையாக. இரண்டும் சேர்ந்தால் 17 ரூபாய்க்கு மேல் வருகிறது, அதாவது மத்திய அரசு வாங்கிய அந்த 17.80க்கு ஏறத்தாழ சமம். கச்சா எண்ணெய் விலை சரிந்தாலும் அந்த 9.62 சரியாது. 2021 தேர்தலில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்போம் என்று தி.மு.க. வாக்குக் கேட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்றும் சொன்னார்கள். டீசலுக்கு ஒரு காசும் குறையவில்லை. 2023 இறுதியில் லாரிகளுக்கான காலாண்டு வரி ஏறியது தனிக்கதை.

குறைக்காததால் கஜானா நிரம்பியதா என்றால், எங்களிடம் வேறு கணக்கு இருக்கிறது. 2021 நவம்பரில் கர்நாடகம் தன் பங்குக்கு 7 ரூபாய் குறைத்தது. 2022இல் சென்னையில் டீசல் 94.24 ரூபாய், பெங்களூரில் 87.89. அன்று நாமக்கல்லிலிருந்து வடக்கே போகும் வண்டி என்ன செய்யும்? எல்லை தாண்டப் போதுமான அளவு மட்டும் இங்கே ஊற்றிக்கொண்டு, கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டியதும் டேங்கை நிரப்பும். திரும்பி வரும்போது அங்கேயே இன்னொரு முறை நிரப்பிக்கொண்டு ஓசூருக்குள் நுழையும். எனக்கு ஒரு டேங்குக்கு 1,900 ரூபாய் மிச்சம். அந்த 300 லிட்டரை இங்கே ஊற்றியிருந்தால் தமிழ்நாட்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வரி கிடைத்திருக்கும். கிடைத்தது சுழியம். மாநில வரி முழுவதும் கர்நாடகத்துக்குப் போனது, பங்க்காரரின் கமிஷனும் அங்கேயே போனது. ஓசூர்ச் சாலையில் பங்க் வைத்திருப்பவர்களைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் கர்நாடகம் வரியை ஏற்றியதால்தான் இந்த வித்தியாசம் சுருங்கியது. நம் அரசு எதையும் செய்து அல்ல.

டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவா என்று எங்கள் ஆட்கள் மாநாட்டுக்கு மாநாடு தீர்மானம் போடுகிறார்கள். மத்திய அரசும் சரி, மாநில அரசும் சரி, இந்த மாட்டைக் கொட்டிலை விட்டு அவிழ்க்கப் போவதில்லை என்பது என் கருத்து. அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். எங்களிடம் 17.80 வாங்கினால் 17.80ஐயும் அடிப்படை வரியாக வாங்கட்டும். எங்களுக்கு ஒரு காசு கூடாது, குறையாது. ஆனால் தமிழ்நாட்டுக்கு லிட்டருக்கு 3 காசுக்குப் பதில் 30 காசு வரும். வந்தால், அந்த 9.62ஐக் குறைக்காமல் இருக்க மாநில அரசுக்குச் சொல்லச் சாக்கு இருக்காது.

ஒரு வேண்டுகோள். தினமும் பெட்ரோல், டீசல் விலையை உங்கள் நாளிதழில் ஒரு மூலையில் போடுகிறீர்கள். அதன் கீழே இன்னும் மூன்று விவரம் சேருங்கள்: இதில் மத்திய வரி எவ்வளவு, மாநில வரி எவ்வளவு, மத்திய வரியில் பங்குக்கு வருவது எவ்வளவு. தங்கம் விலைக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்,
நாமக்கல்.