காற்றுப் போகாத ஜெனரேட்டர் பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி கடைவீதிகளில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழுவதில்லை. ஜெராக்ஸ் கடை, பேக்கரி, மருந்துக்கடை என்று வாசலுக்கு வாசல் ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் மனக்கசப்பைத் தவிர்க்க, கடைக்காரர்கள் பலர் இப்போது அதற்குப் பெட்டி செய்து மூடத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த அக்கறை பாராட்டுக்குரியது. ஆயினும், வெல்டிங் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், என் கண்ணில் படும் பெட்டிகளில் பெரும்பாலானவை சத்தத்தைவிடப் பெரிய ஆபத்தை உண்டாக்குகின்றன என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

அண்மையில் கீல் மாற்றுவதற்காக எங்களிடம் வந்த ஒரு பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் மெல்லிய தகரம். உட்புறம் முழுவதும் தெர்மாகோல். காற்றுக்கென்று பின்பக்கத்தில் விரல் நுழையும் அளவில் சில துளைகள். சைலன்சருக்கு நேர் எதிரே இருந்த தெர்மாகோல் உருகிச் சுருண்டு, அதன் பின்னாலிருந்த தகரம் கருத்துப்போயிருந்தது. சிறிது நேரத்திலேயே இஞ்சின் திணறுவதால் மூடியைத் திறந்துவைத்துத்தான் ஓட்டுவதாக அதன் உரிமையாளர் சொன்னார். திணறாமல் என்ன செய்யும்? ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட்டுக்குச் சமமான ஆற்றல் உண்டு; இத்தகைய சிறு ஜெனரேட்டரில் அதிலிருந்து 2 யூனிட் மின்சாரம் கிடைத்தாலே நல்லது. எஞ்சியதெல்லாம் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. காற்றால் குளிரும் இஞ்சினை அடைத்து வைத்தால், தான் சூடாக்கி வெளியே தள்ளிய காற்றையே அது மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதையும் தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெருப்பையாவது கண்ணால் பார்க்கலாம். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்வதால், தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, தூங்குகிறவர்களை எழுப்பாமலே உயிரை எடுத்துவிடும். காற்றில் 1,200 பிபிஎம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது தொழிலகப் பாதுகாப்பில் வைத்திருக்கும் கணக்கு. கடைக்கு மேல் மாடியில் குடும்பம் வசிக்கும் நம் ஊர்க் கட்டடங்களில், மாடிப்படிக்குக் கீழே பெட்டியை வைத்துப் புகையை அங்கேயே விடும் பழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும்.

சத்தத்தை முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்று நினைப்பதிலிருந்துதான் இந்த அடைப்பு முழுவதும் தொடங்குகிறது. சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு இவை 65, 55. பெட்ரோல், மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்களின் ஒலித்திறன், அதாவது இயந்திரம் வெளியிடும் மொத்தச் சத்தத்தின் அளவு, 86 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2003 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள வரம்பு. அந்த வரம்புக்கு உட்பட்ட ஜெனரேட்டரின் சத்தம் திறந்த வெளியில் 7 மீட்டர் தள்ளி நின்றால் ஏறத்தாழ 61 டெசிபலாகக் கேட்கும். மாடியில் குடியிருப்போரை மனத்தில் வைத்துக் குடியிருப்பு அளவையே நாம் இலக்காகக் கொண்டாலும், பகலுக்கு மேலும் 6 டெசிபல் குறைத்தால் போதும். பெட்டியின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் 10 டெசிபல் வரை குறைக்க இடமுண்டு. நூற்றில் ஒரு பங்கு மட்டும் திறந்திருந்தாலோ, சுவர் எத்தனை கனமாக இருந்தாலும் 20-க்கு மேல் குறையாது. ஆகவே காற்று வழியை அடைத்துக் கிடைக்கும் கூடுதல் பயன் சொற்பமே. அந்த வழியை வளைத்துவிட்டால் கிடைப்பது அதிகம்.

பெட்டியின் ஒரு பக்கத்தில் தாழ்வாகக் காற்று நுழைய வேண்டும். எதிர்ப்பக்கத்தில் உயரத்தில் வெளியேற வேண்டும். இரு வாய்களிலும் காற்று இரண்டு முறையாவது திரும்பிச் செல்லும்படி தடுப்புகள் வைத்து, அவற்றின் உட்புறத்தில் 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய, தீப்பிடிக்காத பஞ்சு) பதித்துக் கம்பி வலையால் மூடினால், காற்று தடையின்றிப் போகும். சத்தத்தின் பெரும்பகுதி அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். 2 கேவிஏ ஜெனரேட்டருக்கு 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று தேவை. அதை நுழைவாயில் பக்கம் பொருத்தினால் மோட்டார் குளிர்ந்த காற்றில் இருக்கும், பெட்ரோல் ஆவியும் அதன் வழியே செல்லாது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அதுவும் தானாகச் சுழலும்படி இணைப்பு கொடுக்க வேண்டும். காற்று வாய்களின் பரப்பு ஃபேனின் வாயைவிட ஒருபோதும் சிறியதாக இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும் என்பதால், இஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றி, கதவைச் சற்று நேரம் திறந்துவைத்த பின்னரே மறுபடி இயக்க வேண்டும்.

சத்தத்தைத் தடுத்து நிறுத்துவது சுவரின் கனம். ராக்வூல் உறிஞ்ச மட்டுமே செய்யும். நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் ஓடும் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினுக்குள், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என, எரிபொருள் நொடிக்கு 25 முறை வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த அதிர்வை மெல்லிய தகரம் தடுக்காததோடு, தானும் சேர்ந்து அதிரும். அடியில் ரப்பர் பேட் வைப்பது அவசியம். புறக்கடையில் இடம் உள்ளவர்களுக்கு நம் கிருஷ்ணகிரிப் பகுதியில் நல்ல வசதி ஒன்று உண்டு: கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கிப் போடும் துண்டுப் பலகைகள். கனமும் உண்டு, தீயும் பிடிக்காது. புகைக் குழாயை வளையும் ஸ்டீல் குழாயால் சைலன்சரோடு இணைத்து, சுவரைத் துளைக்கும் இடத்தில் தகட்டு வளையமும் வெப்பம் தாங்கும் செராமிக் கயிறும் வைத்து, சன்னல்களுக்கும் காற்று நுழையும் வாய்க்கும் எட்டாத தூரத்தில் வெளியே விட வேண்டும். சைலன்சரின் வாயைவிடக் குறுகிய குழாயைப் பொருத்தக் கூடாது. இவ்வளவுக்கும் இடமில்லாத கடைகள் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்துக்கொள்வதே சரி; அங்கே ஜெனரேட்டருக்குப் பெட்டி செய்து தர நான் ஒப்புவதில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட நிர்வாகங்கள் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைக் கொண்டு ஒரு மாதிரிப் பெட்டியைச் செய்யச் சொல்லி, அதன் அளவுகளுடன் கூடிய வரைபடத்தைப் பட்டறைகளுக்கும் கடைக்காரர்களுக்கும் தமிழில் வழங்க வேண்டும். கோயில் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் ஜெனரேட்டர் வைக்க அனுமதி தரும்போது, தீயணைப்புத் துறையினர் புகைக் குழாயின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும். வரைபடம் வெளிவந்தால், அதில் உள்ள அளவு மாறாமல் செய்து தர எங்களைப் போன்ற சிறு பட்டறைகள் ஆயத்தமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறை உரிமையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.