பழைய உடுப்பு மூட்டைகள் நிறைய வந்துவிட்டன, மழைக்கு முதல் கூரை போட உதவுங்கள்

மட்டக்களப்பின் ஆரையம்பதி, தாழங்குடா, காத்தான்குடி, கல்லடி உறவுகளுக்கும், வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சொந்தங்களுக்கும், வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் எங்கள் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பழைய உடுப்புக் கேட்டுத்தான் எழுதுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். உடுப்பு போதுமான அளவு வந்துவிட்டது. தாழங்குடாப் பக்கம் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் பழைய தும்புக் கொட்டிலில் மூன்று சுவரோரமும் உரப்பைகள் வளைமரம் தொட நிற்கின்றன. அவற்றை அவிழ்த்து, பிரித்து, காயவைத்து, வெட்டி, தைத்து, உரிய வீட்டுக்கு அனுப்பிவைக்கத்தான் வசதி இல்லை. அதற்குத்தான் பணம் கேட்டு உங்கள் முன் வருகிறோம்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிந்திய கிழமைகளை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. எங்கள் குழுவில் பலர் அந்த நாட்களில் பள்ளிக்கூட முகாம்களில் படுத்தவர்கள். லொறி லொறியாக உடுப்பு வந்து இறங்கியது. கம்பளிக் கோட்டு வந்தது, சோடி இல்லாத சப்பாத்து வந்தது, கக்கத்தில் கிழிந்த சேட் வந்தது. எங்களோடு வேலை செய்கிற ஓர் அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லுவார்: "சீலை கிடைச்சிதுகா. உள்பாவாடைக்கு நாடா இல்ல. வேலிக் கம்பியில கிடந்த கயித்த உருவித்தான் கட்டினன்." மாரி மழையில் வீதியோரத்து மூட்டைகள் ஊறி, நாறி, மாடு மிதித்து, கடைசியில் குவித்து எரிக்கப்பட்டன. கொடுத்தவர்களை நாங்கள் குறை சொல்லவே மாட்டோம், எங்கிருந்தோ மனமிரங்கி அனுப்பியவர்கள் அவர்கள். கொடுத்த கைக்கும் வாங்கிய கைக்கும் நடுவில் பிரித்துப் பார்க்கிற கை ஒன்று இருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதே சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையிலும் இப்படித்தான் உடுப்பு மலையாகக் குவிந்தது. 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த உடுப்புகளை எடுத்துத் தரம்பிரித்து வேலைக்கு உதவும் பொருளாக மாற்றியது. தைக்க முடியாத பருத்தித் துணியைக் கூட அவர்கள் வீசவில்லை, பெண்களுக்கான மாதவிடாய்த் துணியாகச் செய்து கொடுத்தார்கள். அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மக்சேசே விருது கிடைத்தது. நாங்கள் அவர்களோடு தொடர்புள்ளவர்கள் அல்ல. இப்படியும் செய்யலாம் என்று காட்டியவர்கள் என்பதால் சொல்லுகிறோம்.

2024 கார்த்திகை வெள்ளத்தில் படுவான்கரைப் பாதைகள் அறுந்தபோது நாங்களும் வீடு வீடாக உடுப்புச் சேர்த்தோம். அந்தப் பழைய பிழையை எங்கள் கையாலேயே மறுபடி செய்தோம். நல்ல மனதோடு ஒருவர் தந்த பையில் ஒரேயொரு துவாய் ஈரமாக இருந்திருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை. நாலாம் நாள் வெல்லாவெளிப் பக்கம் கொண்டுபோய் அவிழ்த்தால், அந்தப் பை முழுவதும் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற தாய்மாருக்கு முன்னால் அந்த மூட்டையைத் திருப்பிக் கட்டியது எங்களால் மறக்க முடியாத வெட்கம். இந்தக் குழு அடுத்த கிழமை உருவானது.

இப்போது வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம், உங்கள் காசு எங்கே போகும் என்பது அதில்தான் தெரியும்.

இரண்டு பீப்பாய்க்கு மேல் பழைய கதவு ஒன்றைக் கிடத்தியதுதான் எங்கள் மேசை. ஐந்து பெண்கள் அதைச் சுற்றி நிற்பார்கள். பை அவிழ்ந்ததும் முதலில் மூக்குத்தான் வேலை செய்யும். ஊத்தை மணம், மண்ணெண்ணெய் மணம், பூஞ்சண மணம் இருந்தால் அது வெளியே வெயிலுக்குப் போகும். அடுத்தது பொக்கெற். ஒருமுறை களிசான் பொக்கெற்றுக்குள் அடகுச்சீட்டு ஒன்று இருந்தது, மீட்க இன்னும் பதினொரு நாள்தான் பாக்கி. பை தந்த வீட்டைத் தேடிப் பிடித்து அதே மாலை கொடுத்தோம். பிறகு பொத்தான், சிப், கழுத்து, கக்கம், தையல். உடுக்கக் கூடியதா, தைத்தால் உடுக்கக் கூடியதா, துணியாக மட்டும் பயன்படுமா என்று அங்கேயே முடிவாகும்.

துணி பருத்தியா, பொலியெஸ்டரா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல இரண்டு பேரால் முடியும். மற்றவர்களுக்கு நெருப்புக்குச்சி இருக்கிறது. ஓரத்தில் ஒரு நூலை உருவி எரித்தால், பருத்தி கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கறுத்த மணி மாதிரி விரலில் உருளும். தலைமயிர் கருகுகிற மணம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. சின்ன விசயம்தான், ஆனால் இதை விட்டுவிட்டால் பிறகு எல்லா வேலையும் பிழைத்துவிடும். ஏனென்றால் கராஜ்காரர் ஒயில் துடைக்கக் கேட்பது பருத்தி மட்டும். பொலியெஸ்டர்த் துணி பருத்தி மாதிரி நன்றாகத் துடைக்காது. ரீசேட்டில் படம் அச்சடித்த இடமும் உறிஞ்சாது, அதை வெட்டி எடுக்க வேண்டும். ஒரு பொத்தான் தப்பிப் போனாலும் வாகனத்துப் பெயின்ற்றில் கோடு விழும், அடுத்த முறை எங்களிடம் வாங்க மாட்டார்கள்.

உடுக்கக் கூடியவற்றை இலவசமாகக் கொடுக்காமல் 50 ரூபா, 100 ரூபா என்று விலை போட்டுக் கொடுக்கிறோம். இதைப் பற்றிக் குழுவுக்குள் சண்டையே நடந்தது. இல்லாதவரிடம் காசு வாங்குவதா என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் முடிவு இதுதான்: வரிசையில் கையேந்தி நின்று கிடைத்ததை வாங்குவதைவிட, தட்டில் மடித்து அடுக்கியிருப்பதைத் தெரிந்து, உடம்பில் பிடித்துப் பார்த்து, காசு கொடுத்து, பையில் போட்டுக்கொண்டு போவது ஒரு மனுசிக்கு வேறு மாதிரியான காரியம். காசே இல்லாதவர்கள் வந்தால் பொறுப்பாக நிற்பவர் காதோடு காதாகப் பார்த்துக்கொள்வார். வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைகள் மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்கு ஒருவரிடமும் காசு இல்லை. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க முதல் அவற்றைத் தனியாக வெளுத்து, அளவு எழுதி வைப்போம். பிள்ளைகள் ஒரு வருசத்தில் வளர்ந்துவிடுவதால் இவை பாதிக்குமேல் புதுசு மாதிரியே வருகின்றன.

நைந்த பருத்திச் சீலையும் பழைய சாரமும் எங்களுக்குத் தங்கம். ஏணை கட்டவும், பிறந்த பிள்ளையைச் சுற்றவும் புதுத்துணியை யார் தேடுவார்கள்? நாலைந்து வருசம் தோய்த்து மெதுமெதுப்பான பழஞ்சீலைதானே வேண்டும். கொதிநீரில் அவித்து, வெயிலில் காயவைத்து, சுருக்கி அடுக்கி வைக்கிறோம், கேட்டு வருகிற வீடுகள் குறையவில்லை. நிறமான துணிகளை இரண்டு விரல் அகல நாடாவாகக் கிழித்து உருண்டையாகச் சுற்றுகிறோம். மருதமுனைத் தறிக்காரர் ஒருவர் அதை ஊடையாக, அதாவது குறுக்கு நூலாகப் போட்டுக் கால்மிதி நெய்து காட்டினார். நெடுக்கே ஓடும் பாவு அவருடைய நூல், ஊடை உங்கள் வீட்டுப் பழைய சட்டை. அழுத்தமாக, அழகாக வந்திருக்கிறது. கொட்டிலுக்கு வந்தால் வாசலிலேயே அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வருவீர்கள். காத்தான்குடித் தையற்கடைகள் சிலவும் பெருநாள் காலத்து வெட்டுத்துண்டுகளை எங்களுக்கென்று பையில் ஒதுக்கி வைக்கத் தொடங்கியிருக்கின்றன. அவர்களுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும்.

பொலியெஸ்டரும், பருத்தியோடு கலந்து நெய்த துணியும்தான் எங்களைச் சிரமப்படுத்துகின்றன. கொஞ்சத்தைச் சிறிதாக வெட்டி முன்பள்ளிகளுக்கு உட்காரும் மெத்தைக்குள் அடைக்கிறோம். மிச்சத்துக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. இந்தியாவில் ஹரியானாவின் பானிபட் நகரில் உலகத்துப் பழைய உடுப்புகளை நிறம் நிறமாகப் பிரித்து, பிய்த்து, மறுபடி நூலாக முறுக்கிப் போர்வை நெய்கிறார்கள். நிறம் பிரித்துவிடுவதால் பெரும்பாலும் திரும்பச் சாயம் போடத் தேவையில்லை. ஆனால் பிய்க்கும்போது இழை குட்டையாகிவிடும், முன்பிருந்த தரம் வராது. உலகம் முழுவதும் பார்த்தாலும் பழைய உடுப்பு மறுபடி புதிய உடுப்பாக ஆவது நூற்றுக்கு ஒன்று கூட இல்லை என்று கணிக்கிறார்கள். ஆகவே மீள்சுழற்சி என்ற சொல்லைச் சொல்லி நாங்கள் உங்களிடம் பெரிய வாக்குறுதி கொடுக்க மாட்டோம். உடுப்பை உடுப்பாகவே இன்னும் இரண்டு வருசம் உழைக்க வைப்பதுதான் எங்களால் ஆகக்கூடிய பெரிய காரியம். ஒரு பருத்தி ரீசேட்டுக்கு, பருத்தி வயலில் இருந்து கணக்குப் பார்த்தால், ஏறத்தாழ 2,700 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வீட்டுக் கூரையில் நிற்கிற 1,000 லீற்றர் தாங்கிகள் கிட்டத்தட்ட இரண்டே முக்கால்.

கண்ணுக்கு மறைவாகத் தள்ளிவிட்டால் பிரச்சினை தீராது என்பதற்கு எங்கள் கரையிலேயே சாட்சி உண்டு. அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று செத்த செய்தி 2022இல் உலகம் முழுவதும் போனது. பொலியெஸ்டரும் தண்ணீர்ப் போத்தலும் ஒரே மூலப்பொருள்தான், மண்ணில் போட்டால் இரண்டும் மக்காது. ஆபிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவின் கந்தமாந்தோ சந்தைக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 1.5 கோடி பழைய உடுப்புகள் வந்து இறங்குவதாகச் சொல்கிறார்கள். விற்க முடியாதவை வடிகான்களிலும் கடற்கரையிலும் போய்ச் சேர்கின்றன. பிரிக்காமல் கொடுத்தால், நம்முடைய குப்பையை இன்னோர் ஏழையின் வாசலில் கொட்டுவதாகத்தான் அது முடிகிறது.

போன மாதம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வயது போன அம்மா ஒருவர் ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் துணிப்பை. உள்ளே ஆறு சாரம், நாலு வெள்ளைச் சேட், ஒரு சால்வை. எல்லாம் கஞ்சி போட்டு மடித்தவை. கணவர் இறந்து முப்பத்தொன்று முடிந்திருந்தது. "ஆத்துல விடச் சொல்றாங்க மனே, எனக்கு மனசு வருகுதில்ல" என்றார். இறந்தவர் உடுத்ததை மற்றவர் உடுக்கலாமா என்று ஊரில் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம், வாங்குகிறவரிடம் மறைக்கவும் மாட்டோம். அந்தச் சேட்டுகளில் இரண்டை, நேர்முகப் பரீட்சைக்குப் போக இருந்த தம்பி ஒருவர் விசயம் தெரிந்தே மனமுவந்து எடுத்துக்கொண்டு போனார். சாரங்கள் ஏணைத் துணிக்கு. சால்வையை மட்டும் அம்மாவே திரும்ப வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

இனித் தேவைக்கு வருகிறோம். கொட்டிலின் கூரைத் தகரம் பதினாறு இடத்தில் ஓட்டை. நிலம் மண். ஐப்பசியில் மழை பிடித்தால் சேர்த்த அத்தனையும் போய்விடும். கூரைக்கும் சீமெந்து நிலத்துக்கும் ரூபா 450,000. பாவித்த தையல் மெசின் இரண்டுக்கு 120,000. துணி வெட்டும் மெசினும் தராசும் 130,000. தட்டுகள், காயவைக்கும் கம்பிகள் 100,000. ஐந்து பெண்களுக்கும் கிழமைக்கு நாலு நாள் வீதம் பன்னிரண்டு கிழமைக்கு நாட்கூலி, ஒரு நாளைக்கு 2,500 படி, 600,000. இந்தக் கடைசித் தொகையைக் குறைக்கச் சொல்லிப் பலர் ஆலோசனை சொன்னார்கள், பெண்கள் தொண்டாகச் செய்யலாம்தானே என்றார்கள். இதுவரை ஏழு மாதம் அவர்கள் தொண்டாகத்தான் செய்தார்கள். தூசியில் நின்று இருமிக்கொண்டு செய்கிற வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதில் குழு உறுதியாக இருக்கிறது. மூன்று மாதத்துக்குப் பிறகு கராஜ் துணியும் கால்மிதியும் விற்ற காசில் கூலியைக் கொண்டுபோகலாம் என்று நம்புகிறோம்.

மொத்தம் 14 இலட்சம். குழு உறுப்பினர்கள் தங்களுக்குள் 3 இலட்சத்து 20 ஆயிரம் சேர்த்திருக்கிறோம். மிச்சம் 10 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவுக்கு உங்களை நாடுகிறோம். முடியாதவர்கள் ஒரு பெண்ணின் ஒரு நாட்கூலியைப் பொறுப்பெடுங்கள். அதுவும் முடியாவிட்டால் பழைய கூரைத் தகரம், சீமெந்துப் பை, பாவிக்காமல் மூலையில் கிடக்கும் மெசின், இரண்டு நாள் மேசன் வேலை, எதுவானாலும் எங்களுக்கு உதவிதான். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒருவரிடமும் காசு கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கொட்டிலில் வாசிக்கப்படும், வாசற்பலகையிலும் ஒட்டப்படும். யார் எவ்வளவு தந்தார் என்று பெயர் போட்டு எழுத மாட்டோம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் தனியாக ஒரு வார்த்தை. பெட்டி கட்டி உடுப்பு அனுப்ப வேண்டாம். குளிருக்குத் தைத்த உடுப்பு இந்த வெக்கைக்கு உதவாது, அதைப் பிரிக்கவே இங்கே ஒரு நாள் போகிறது. பெட்டிக்குக் கொடுக்கிற கப்பற்கூலியை அப்படியே அனுப்பிவிடுங்கள், அது கூரையாகும்.

ஊரில் இருப்பவர்கள் உடுப்புத் தர விரும்பினால் கூரை வேலை முடிந்த பிறகு தாருங்கள். தோய்த்து, நன்றாகக் காயவைத்து, பொக்கெற்றைப் பார்த்து, சப்பாத்தைச் சோடியாகக் கட்டித் தாருங்கள். உள்ளாடை வேண்டாம். உள்பாவாடை தருவதென்றால் நாடாவோடு தாருங்கள்.

திங்கள் முதல் வியாழன் வரை காலை 8 மணி முதல் 12 மணி வரை கொட்டில் திறந்திருக்கும். காசு தர முதல் ஒருமுறை வந்து மேசையடியில் நின்று பாருங்கள், ஒரு பையை நீங்களே அவிழ்த்துப் பிரித்துப் பாருங்கள். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
செயற்குழுவினரும் தரம்பிரிக்கும் பெண்களும்
தும்புக் கொட்டில், தாழங்குடா