"கவுன்சிலிங் கொடுக்கவும்" என்றால், யார் கொடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலியல் வழக்குகளில் சிக்கும் சிறுவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். பதினாறு வயது தாண்டியவனைப் பெரியவனாகக் கருதி விசாரிப்பதா வேண்டாமா என்பதிலேயே கட்டுரை முடிந்துவிட்டது. இந்தப் பேச்சு எப்போது எழுந்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது. சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதி வாரியத்திலேயே முடிகிற வழக்குகளில், அதற்கப்புறம் அந்தப் பையனோடு உட்கார்ந்து பேசுவது யார், அவர் என்ன படித்தவர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், பாலக்காட்டில் வக்கீல். கேரளம்தான் என்றாலும் எங்களுக்கு வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம், வேலந்தாவளம் தாண்டினால் கோவை. சிறார் வழக்குகளில் பையன் ஒரு மாநிலத்திலும் சம்பவ இடம் இன்னொரு மாநிலத்திலும் இருப்பது எங்களுக்குப் புதிதில்லை.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 18ஆம் பிரிவில் வாரியத்துக்குப் பல வழிகளைத் தருகிறது. கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம், கவுன்சிலிங்குக்கு உத்தரவிடலாம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். நடத்தையைச் சீர்படுத்தும் சிகிச்சை, மனநல உதவி எல்லாம் அதே பிரிவில் இருக்கின்றன. அவற்றைத் தருபவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பிரிவில் தேடினால் கிடைக்காது.

15ஆம் பிரிவின் கதை வேறு. 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவர் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்க வேறு கோர்ட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க, அவரது மன, உடல் திறனையும் விளைவைப் புரிந்துகொள்ளும் திறனையும் வாரியம் முதலில் மதிப்பிட வேண்டும். அதற்கு அனுபவமுள்ள உளவியலாளரின் உதவியைப் பெறலாம் என்றது சட்டம். குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்றுத் தொழில் செய்கிறவர் வாரியத்தில் இல்லையென்றால் அந்த உதவியைப் பெற்றே ஆகவேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இறுக்கிப் பிடித்தது. மறு ஆண்டே தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் இதற்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் பையனை எந்தக் கோர்ட்டுக்கு அனுப்புவது என்று பார்க்க நிபுணர் வேண்டும், அவனைத் திருத்த யார் கிடைத்தாலும் போதும் என்றால் அது என்ன நியாயம்?

நடைமுறையில் கிடைப்பவர் பெரும்பாலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கவுன்சிலர். சமூகப்பணி, சமூகவியல், உளவியல் என்று ஏதாவது ஒன்றில் பட்டமும், ஓராண்டு அனுபவமும் இருந்தால் அந்த வேலைக்குப் போதும். அவர்களை நான் குறை சொல்லவில்லை. குழந்தைத் திருமணம், பள்ளி இடைநிற்றல், பெற்றோர் இல்லாத பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் அவர்களே ஓடுகிறார்கள், சம்பளமும் சொற்பம். இந்த வழக்குகளுக்கு அவர்களை யாரும் தயார்படுத்தவில்லை என்றுதான் சொல்கிறேன்.

"கவுன்சிலிங்னா என்னங்க பண்ணுவாங்க வக்கீல் சார்? திட்டுவாங்களா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கிறது. அக்கா தங்கச்சி இல்லையா உனக்கு, அம்மா முகத்தைப் பார், போனைத் தொடாதே, படிப்பில் கவனம் வை. பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான். இதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறேன். ஒரு வழக்கில் விசாரணை முடிவதற்கு முன்பே, "சிறுவன் தவறை ஒப்புக்கொண்டான்" என்று கவுன்சிலர் அறிக்கை எழுதிவிட்டார். சிகிச்சை அறையில் பேசியதும் போலீசிடம் சொன்னதும் ஒன்றல்ல என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்தப் பையன் அப்புறம் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை.

வருகிற பையன்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. பதினாறு வயதுப் பெண்ணோடு எல்லை தாண்டி ஓடிப்போன பதினேழு வயதுக்காரனும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில்தான் வருகிறான், ஏனென்றால் 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்தை அந்தச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. சித்தி வீட்டில் ஆறு வயதுக் குழந்தையைத் தொந்தரவு செய்த பதினான்கு வயதுக்காரனும் அதே சட்டத்தில்தான் வருகிறான். போனில் பார்த்ததைச் செய்து பார்த்தவன், தானே யாரிடமோ சிக்கிச் சீரழிந்தவன், அறிவு வளர்ச்சிக் குறைபாட்டால் எல்லை எது என்று புரியாதவன் என்று எத்தனையோ பேர். முதல் பையனுக்குச் சிகிச்சையே தேவைப்படாமல் இருக்கலாம். இரண்டாமவன் விஷயத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை அதே குடும்பத்தில் இருக்கிறது. அவனை எப்போது வீட்டுக்குத் திரும்ப விடலாம் என்பதில் அந்தக் குழந்தையின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. தொந்தரவு செய்தவனுக்கும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் ஒரே கவுன்சிலரை வைப்பதும் நடக்கிறது. அது கூடவே கூடாது.

சட்ட அறிவும் வேண்டும். பேச்சினிடையே பையன் இன்னொரு குழந்தையின் பெயரைச் சொன்னால் கேட்டவர் என்ன செய்ய வேண்டும்? போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி புகார் தர வேண்டும், தவறினால் 6 மாதம் வரை சிறை. இந்த வரம்பை முதல் நாளே பையனிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்க வேண்டும்.

தகுதிக்கான அளவுகோல் நம்மிடம் இல்லாமலும் இல்லை. மருத்துவ உளவியலாளர் யார், மனநலச் சமூகப் பணியாளர் யார் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுக்கிறது. மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளோடு பெற்ற பயிற்சியும் அதில் அடக்கம். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்தக் கவுன்சிலுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டம். (இன்று ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள் என்பது வேறு விஷயம்.) இதோடு, வளரிளம் பருவத்துப் பாலியல் நடத்தை பற்றிய தனிப் பயிற்சியும், முதல் சில வழக்குகளிலாவது அனுபவசாலியின் மேற்பார்வையும் வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இதற்கென்றே 1992 முதல் ஒரு வாரியம் இருக்கிறது. அது ஒப்புதல் தந்த பட்டியலில் இருப்பவரே பாலியல் குற்றம் செய்தவர்களுக்குச் சிகிச்சை தரலாம். சிறுவர்களுக்கான விதிமுறைகள் தனி. அங்கிருப்பதையெல்லாம் அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. சிறுவர்களைப் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைப்பது அந்நாட்டிலேயே பெரிய சர்ச்சை. பட்டியல் வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பையன்கள் திருந்துவார்களா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. மைக்கேல் கால்ட்வெல் என்ற ஆய்வாளர் 106 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்டார், மொத்தம் 33,000 பேருக்கு மேல். மீண்டும் பாலியல் குற்றத்தில் பிடிபட்ட சிறார்கள் சராசரியாக 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 2000க்குப் பிந்தைய ஆய்வுகளில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. இது நம் ஊர்க் கணக்கு இல்லைதான். ஆனாலும், "இவன் இனி இப்படித்தான்" என்று முதல் நாளே முத்திரை குத்துகிற கவுன்சிலர் எந்த ஆதாரத்தில் குத்துகிறார்?

கடைசியாக எங்கள் எல்லைப் பிரச்சினை. கொழிஞ்சாம்பாறைப் பையனோ இடுக்கி மாவட்டத் தேவிகுளத்துத் தமிழ் எஸ்டேட் பையனோ கடையில் மலையாளம் பேசிச் சமாளிப்பான். வெட்கமும் பயமும் கலந்த விஷயத்தை அதில் சொல்லமாட்டான். "ம்" கொட்டுவான், அது ஒத்துழைக்க மறுத்ததாக அறிக்கையில் ஏறும். மொழிபெயர்ப்பாளரை, அதுவும் பக்கத்து வீட்டு மாமாவை, உட்கார வைத்துச் செய்கிற வேலையா இது?

பாலக்காடும் கோவையும் இரு மொழியும் தெரிந்த தகுதியாளர்களுக்குப் பொதுப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், இடுக்கியும் தேனியும் அப்படியே. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், சம்வாத் என்ற திட்டத்தின் மூலம் சிக்கலில் உள்ள குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி தருகிறது. மாவட்டத்துக்கு இரண்டு பேரையாவது அங்கே அனுப்பலாம். அதுவரை, வாரியம் கவுன்சிலிங்குக்கு உத்தரவிடும்போது தருபவரின் பெயர், பதிவு எண், எந்த மொழியில் பேசுவார் என்ற மூன்றையும் உத்தரவிலேயே எழுதட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த வழக்கில் இதைக் கேட்டு மனுப் போடப்போகிறேன். தமிழ்நாட்டுப் பக்கத்து வக்கீல் நண்பர்களும் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், கொழிஞ்சாம்பாறை
(வழக்குகள் நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம்)