பத்தாம் கிளாஸ் பெற்றோர்களுக்கு: சயின்ஸ் டெஸ்ட் பேப்பர் பத்தி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்ங்க. சயின்ஸ் யூனிட் டெஸ்ட் பேப்பர் இன்னிக்கு வீட்டுக்கு குடுத்து விட்டிருக்கோம், கையெழுத்து போட்டு அனுப்புங்க, ஆனா மார்க்க மட்டும் பாத்துட்டு புள்ளைய திட்டிடாதீங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

முதல் பாடம் இயக்க விதிகள். 1687ல நியூட்டன் புக்கா போட்ட மூணாவது விதி, ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டுன்னு, எல்லாருமே எழுத்து மாறாம எழுதியிருக்காங்க. அடுத்த கேள்வியிலதான் மாட்டிக்கிட்டாங்க. ரெண்டும் சமம், எதிரெதிர் திசை, அப்போ ஒண்ணுக்கொண்ணு சரியா போயி எதுவுமே நகரக்கூடாதே, அப்புறம் எப்படி நகருது? நிறைய பேர் அந்த இடத்த காலியாவே விட்டுட்டாங்க.

உங்கள்ல ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டுறவங்க இருக்கீங்க, உங்களுக்கு இது தினமும் கண்ணு முன்னாடி நடக்குறதுதான். பாறையில எறங்குறவரு காலால பரிசல பின்னாடி தள்ளுறாரு, அதே நொடியில பரிசல் அவர முன்னாடி தள்ளுது. முதல்ல ஒண்ணு அப்புறம் ஒண்ணுன்னு இல்லைங்க, ரெண்டும் சேந்தேதான் நடக்குது. ஒரு விசை பரிசல் மேல, இன்னொண்ணு ஆள் மேல, வேற வேற பொருள் மேல வேலை செய்யறதால ஒண்ண ஒண்ணு அழிக்க வழியே இல்ல, அவ்ளோதான் பதில். ஆள் நிறைய இருக்கும்போது பரிசல் கொஞ்சமாத்தான் பின்னாடி போகும், கடைசி ஆள் தாவுறப்போ காலியான பரிசல் சர்ருன்னு விலகிடும், ஏன்னா எடை கம்மியானா அதே விசைக்கு வேகம் ஜாஸ்தி. துடுப்பும் அப்படித்தான், நீங்க தண்ணிய பின்னாடி தள்ளுறீங்க, தண்ணி உங்கள முன்னாடி தள்ளுது.

நடக்குறதும் இதேதாங்க. கால் தரைய பின்னாடி தள்ளுது, தரை உராய்வால நம்மள முன்னாடி தள்ளுது. மழை நேரத்துல அடி தேஞ்ச செருப்பு போட்டுட்டு ஸ்கூல் வராண்டா டைல்ஸ்ல ஓடுனா கால் தரைய தள்ள முடியாம வழுக்கிடும், அதனால தேஞ்ச செருப்ப தயவு செஞ்சு மாத்திக் குடுங்க (இதுக்கு மார்க் இல்ல, ஆனா முக்கியம்). பைக் சேத்துல மாட்டுனா பின் சக்கரம் சுத்தி சுத்தி சேற பின்னாடி வாரி அடிக்கும் பாருங்க, ரோட்ட எந்தப் பக்கம் தள்ளுதுன்னு அதுலயே தெரியும்.

பஸ் பிரேக் போட்டா முன்னாடி சாயுறோமே, அதையும் மூணாவது விதின்னு சில பேர் எழுதியிருக்காங்க. அது நிலைமம், அதாவது ஓடிக்கிட்டிருக்குற உடம்பு அப்படியே ஓடப் பாக்குற குணம், அது முதல் விதி. அப்புறம் 40 கிலோ இருக்குற புள்ளைய பூமி 392 நியூட்டன் (விசைய அளக்குற அலகு) விசையில இழுக்குதுன்னா புள்ளையும் பூமிய அதே 392ல இழுக்குது, பூமி அவ்ளோ பெருசுங்கறதால நகருறது தெரியல. இத ஒரு பொண்ணு மட்டும் சரியா எழுதியிருக்கு, ரொம்ப சந்தோஷம்.

சனிக்கிழமை காலைல 10 மணிக்கு பெற்றோர் மீட்டிங். என் ரூம்ல இருக்குற வீல் வச்ச சேர்ல புள்ளைங்கள உக்கார வச்சு சுவத்த தள்ள விட்டு காட்டப் போறோம், சேர் போனாலும் பரவால்ல. பரிசல் ஓட்டுறவங்க யாராவது துடுப்பு ஒண்ணு எடுத்துட்டு வந்து பசங்ககிட்ட பேசுனா ரொம்ப உதவியா இருக்கும். பேப்பர திங்கக்கிழமைக்குள்ள குடுத்து விடுங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்