குவாட்டர்ஸை இடிக்க முன் ஒருமுறை வந்து பாருங்கள்

மதிப்புக்குரிய திருகோணமலை மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும் கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தளபதி அவர்களுக்கும்,

வெள்ளைக்காரக் கடற்படை கட்டிவிட்டுப் போன குவாட்டர்ஸ் வீடுகள் எங்கள் பக்கத்தில் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இடிக்கவே கூடாது என்று மல்லுக்கு நிற்க வரவில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே சட்டி வைத்துப் படுப்பவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இடிக்க முன் அளந்து, படமெடுத்து, யார் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். அவ்வளவுதான்.

துறைமுகக் கதை என்றாலே 1942 ஏப்ரல் 9தான். ஜப்பான் விமானங்கள் போட்ட குண்டு, முதல்நாள் இரவு இங்கிருந்து புறப்பட்டு மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், சீனன்குடாவில் எரிந்த எண்ணெய்த் தாங்கி எல்லாம் பிள்ளைகளுக்கும் தெரியும். மிஞ்சிய 99 தாங்கிகளை 2022இல் பங்குபோட்டபோது இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61 என்று பிசகாமல் எண்ணினோம். தாங்கிக்குக் கணக்கிருக்கிறது, அதன் வால்வைத் திருகியவர் எங்கே குடியிருந்தார் என்பதை யாரும் எழுதவில்லை. உப்புவெளிப் போர் மயானத்தில் புல்லைக்கூட ஒழுங்காக வெட்டிப் பராமரிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கடற்படையின் கப்பல் பட்டறையான டொக்யாட்டில் வேலை செய்து வீட்டிலேயே செத்தவர்களுக்குக் கல்லுமில்லை, ஏடுமில்லை.

வீட்டுக்குள் வந்து பாருங்கள். பெரிய அதிகாரி இருந்த பங்களாவுக்கு உயர்ந்த அத்திவாரம், மூன்று பக்கமும் விறாந்தை. குசினி வீட்டோடு ஒட்டாமல் பின்னால் தனியாக நிற்கும்; இடையில் கூரை போட்ட நடைபாதை. அதற்கும் பின்னால், கோடிப்பக்கம், வேலைக்காரருக்கு யன்னலே இல்லாத அறை. சம்பளப் பட்டியலைச் செங்கல்லில் கட்டினால் இப்படித்தான் இருக்கும். புகைபோக்கிக்குள் கைவிட்டால் இன்றைக்கும் கரி ஒட்டுகிறது.

1957 ஒக்டோபரில் பிரித்தானியரின் கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தது. பண்டாரநாயக்கா அரசின் வெற்றி என்று எல்லாரும் எழுதினார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் டொக்யாட் சம்பளத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அப்புறம் என்ன நடந்தது? இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களில் யார் திரும்பினார்கள், யார் இங்கேயே பெண் கொடுத்து, பெண் எடுத்து ஊராரானார்கள்? அன்றைக்குப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இன்று எண்பது வயது. இனியும் ஆறப்போட்டால் கேட்க ஆளிருக்காது.

செலவு பெரிதில்லை. பிரித்தானியக் கடற்படையின் பழைய கோப்புகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரைபடங்களின் பிரதியைக் கேட்டு எழுதலாம். இங்குள்ள ஹூட்ஸ் டவர் கடற்படை அருங்காட்சியகத்தில் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் ஒரு சுவர் ஒதுக்கினால் போதும். வீடுகளை அளக்க உங்கள் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அனுப்புங்கள். ஆட்களைக் கேட்டு எழுத நாங்கள் இருக்கிறோம். எங்கள் வரிசையில் அடுத்த வீட்டை மாரி முடிந்ததும் இடிக்கப்போகிறார்கள். அதற்கு முன் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
குவாட்டர்ஸ் வரிசையில் வசிக்கும் ஒருவர்