மன்ஹாட்டன் கதையின் மறுபாதி

அன்புள்ள முருகேசா,

பதில் போடாமல் இத்தனை மாதம் இழுத்ததற்கு என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. அண்ணாச்சி ஒருவழியாகக் கடையை மகனிடம் விட்டுவிட்டார், நம்பு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'ஜாதிக்காய்க்காக மன்ஹாட்டனையே கொடுத்த டச்சுக்காரன்' என்று உன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னதாக எழுதியிருந்தாயே. 1667-ல் பிரெடா உடன்படிக்கையில் ஆங்கிலேயர் ரன் தீவை விட்டார்கள், டச்சுக்காரர் இன்றைய நியூயார்க்கில் இருக்கும் மன்ஹாட்டன் தீவை விட்டார்கள். உண்மைதான். ஆனால் எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரன், இந்தோனேசியாவின் பண்டா தீவுக்கூட்டத்தில் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளமே உள்ள ஒரு துண்டு நிலம். பக்கத்திலேயே குனுங் அப்பி எரிமலை, 1988-லும் வெடித்தது. எரிமலை மண்ணில், உயரமான கெனாரி மரங்களின் நிழலில் ஜாதி மரம் வளர்கிறது. பழம் முற்றினால் தானே பிளக்கும். உள்ளே பளபளக்கும் பழுப்புக் கொட்டை, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் ஜாதிபத்திரி. அந்தக் காலத்தில் உலகம் முழுவதற்கும் ஜாதிக்காய் போனது இந்தத் தீவுகளிலிருந்து மட்டும்தான்.

பண்டாக்காரர்களுக்கு ராஜா கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுப்பார்கள். ஜாவாக்காரர், மலாய்க்காரர், ஐரோப்பியர் என்று யார் வந்தாலும் விற்பார்கள். எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்றது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அவர்கள் அதற்குக் கட்டுப்படவில்லை. 1621-ல் அந்தக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சோன் கூன் படையோடு வந்தான். மே 8 அன்று, டச்சுக் கோட்டைக்கு வெளியே ஒரு மூங்கில் அடைப்புக்குள் 44 பெரியவர்களை, கூலிக்கு வந்த ஜப்பானிய வீரர்களை வைத்து வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்கிறார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். நிலத்தைத் தோட்டங்களாகக் கூறுபோட்டு, வேலைக்கு வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள்.

முருகேசா, தப்பியவர்கள் படகேறிக் கெய் தீவுகளுக்குப் போனார்கள். பண்டா எலி, பண்டா எலாட் என்று ஊர்கள் அமைத்தார்கள். பண்டா மொழி இன்றும் பேசப்படுவது அங்கேதான். பண்டாவில் அந்த மொழி இல்லை. நானூறு வருடம் ஆகியும் அந்தப் பேச்சை விடாமல் வைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

மன்ஹாட்டன் கதையைத் தாராளமாகச் சொல். 1621-ஐயும் சேர்த்துச் சொல், அவ்வளவுதான். அப்புறம், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுது. முழங்காலுக்கு அந்த எண்ணெயை இன்னும் தேய்க்கிறாயா, விட்டுவிட்டாயா?

அன்புடன்,
சுந்தரம்